செப்டம்பரில் அந்தச் சுரங்க வாசலை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் சுற்றுலாப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். நம் குடும்பங்கள் சில சேர்ந்து, ஒட்டாவாவுக்கு மேற்கே கைவிடப்பட்ட ஒரு பழைய சுரங்கத்துக்கு இருட்டிய பிறகு நடந்துபோய், வாசலில் சுற்றும் வௌவால்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வந்ததைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். பிள்ளைகளைத் திரையிலிருந்து பிரித்துக் காட்டுக்குக் கூட்டிப்போனதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நடுவில் ஒரு யோசனை சொல்லியிருந்தார். குட்டிகள் ஆகஸ்டிலேயே பறக்கப் பழகிவிடுகின்றன. குளிர்கால உறக்கம் அப்புறம்தான் தொடங்குகிறது. ஆகவே இடையில் வரும் செப்டம்பர்தான் யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்ப் பார்க்க ஏற்ற மாதம் என்று. அடுத்த ஆண்டும் செப்டம்பரிலேயே போகப்போவதாகவும், இன்னும் பல குடும்பங்கள் சேரலாம் என்றும் அழைப்பு வேறு. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. செப்டம்பர் அந்த வௌவால்களுக்கு ஓய்வு மாதம் அல்ல. அவை இணைசேரும் காலமே அதுதான்.

நான் மதுரையில் விலங்கியல் படித்தவள். ஒட்டாவாவுக்கு வந்த பிறகு, கோடைக் கடைசியில் வௌவால் ஆய்வு செய்பவர்களோடு தன்னார்வலராக இரவில் போய்க் குறிப்பெடுத்துக் கொடுத்து வருகிறேன். வெறிநாய்க்கடி நோய் வௌவாலிடமிருந்தும் தொற்றலாம் என்பதால், அதற்கான தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகுதான் எங்களை வௌவாலின் அருகிலேயே விடுவார்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் பக்கத்துப் படம் ஒன்றில் ஒரு பிள்ளை பாறையை ஒட்டிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வௌவாலை வெறுங்கையால் யாரும் தொடக் கூடாது. பெற்றோர் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்.

இங்கே பேசுவது பெரும்பாலும் சிறு பழுப்பு வௌவாலைப் பற்றி. எடை பொதுவாக எட்டு கிராம் அளவுதான். கோடையில் பெண்கள் கூட்டமாகக் களஞ்சியத்திலும் கூரைப் பரணிலும் தங்கிக் குட்டி போடுகின்றன. நம்மவர்கள் வீட்டில் பார்த்துப் பதறுவது இவற்றைத்தான். ஆண்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. மரப்பட்டைக்கு அடியிலும் பாறை இடுக்கிலும் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ ஒதுங்கிக் கிடக்கும். குட்டி வளர்ப்பில் ஆணுக்குப் பங்கே இல்லை. அதனால்தானோ என்னவோ, வௌவால் பாதுகாப்பு என்று பேசும்போது தாயும் குட்டியும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஜூன், ஜூலையில் பரணை அடைக்காதீர்கள் என்று எல்லாத் துண்டறிக்கையும் சொல்லும். ஆணின் ஆண்டு எப்படிப் போகிறது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

அது விசித்திரமான ஆண்டு. வசந்தத்தில் விழித்து வெளியே வரும் ஆணின் விந்தகங்கள் சுருங்கிச் சிறுத்திருக்கும். நுண்ணோக்கியில் வெட்டுத் துண்டைப் பார்த்தால் குழல்களின் ஓரத்தில் மூலச் செல்களும், அவற்றுக்குத் துணைநிற்கும் செர்டோலி செல்களும்தான் இருக்கும். விந்தணு எதுவும் உருவாகிக்கொண்டிருக்காது. பூச்சிகள் பெருகி வயிறு நிறையத் தொடங்கியதும் அந்த மூலச் செல்கள் பிரியத் தொடங்குகின்றன. ஜூன், ஜூலை முழுவதும் வேலை நடக்கிறது. விந்தகம் வீங்கிப் பெரிதாகிறது. ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. இந்த வேலைக்கு உடம்பு சூடாக இருக்க வேண்டும். வௌவால் பகலில் உடம்பைக் குளிரவிட்டு மரத்துக் கிடந்தால் கொழுப்பு மிச்சமாகும், ஆனால் விந்தணு உருவாவது தடைப்படும். ஐரோப்பாவில் ஆற்றின் மேல் பூச்சி பிடிக்கும் டோபண்டன் வௌவாலைப் பின்தொடர்ந்தவர்கள் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள்: வசந்தத்தில் அடிக்கடி மரத்துக் கிடக்கும் ஆண்கள் நடுக்கோடையில் அதைக் குறைத்துக்கொள்கின்றன. அப்படியானால் அந்த வாரங்களில் அவை கூடுதலாகத் தின்றே ஆக வேண்டும்.

ஆகஸ்டில் முதிர்ந்த விந்தணுக்கள் விந்தகத்தை விட்டு எபிடிடிமிஸ் என்னும் சுருள்குழலின் வால்பகுதிக்கு இறங்குகின்றன. அதோடு விந்தகத்தின் வேலை முடிந்தது. செப்டம்பருக்குள் மறுபடியும் சுருங்கிவிடும். டெஸ்டோஸ்டிரோனும் இறங்கிவிடுகிறது. நம் வீட்டு ஆடு மாடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இனி அந்த ஆணுக்கு இணைசேரும் ஆசையே இருக்காது என்றுதான் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். விந்தகம் ஓய்ந்த பிறகுதான் இணைசேர்க்கையே சூடுபிடிக்கிறது. புராஸ்டேட் முதலான துணைச் சுரப்பிகள் குளிர்காலம் முழுவதும் பெருத்தே இருக்கின்றன. சுருள்குழலில் சேர்த்த விந்தணு அடுத்த வசந்தம் வரை உயிரோடு இருக்கிறது. கோடையில் விளைந்ததைக் குதிரில் வைத்து, நிலம் ஈரமாகும் நாளுக்காகக் காக்கும் விதைநெல் மாதிரி. வட அமெரிக்காவில் 1970களிலேயே குஸ்டாஃப்சன் என்ற ஆய்வாளர் இந்த வௌவாலின் ரத்தத்தில் ஹார்மோனை மாதவாரியாக அளந்து, உற்பத்தி ஒரு பருவம், பயன்பாடு வேறொரு பருவம் என்ற இந்தப் பிளவைக் காட்டினார்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. சுரங்க வாசலில் யாழ் மாதிரி நரம்பு கட்டிய பொறியை வைப்பார்கள். நரம்பில் மோதும் வௌவால் அடிபடாமல் கீழே துணிப்பைக்குள் சறுக்கி விழும். ஒவ்வொன்றாக எடுத்து எடை பார்த்து, முன்கை நீளம் அளந்து, ஆணா பெண்ணா என்று சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஆணாக இருந்தால் ஆய்வாளர் தலைவிளக்கைச் சாய்த்து, வாலை ஒட்டிய சவ்வை மெதுவாக விரிப்பார். வாலின் வேர்ப்பக்கம், இருபுறமும், தோலுக்கு அடியில் புடைத்த இரண்டு கோடுகள் தெரியும். அதுதான் நிறைந்திருக்கும் சுருள்குழல். விரல் நுனியால் கொஞ்சம் மேலே தடவிப் பார்த்தால் விந்தகம் கைக்கு அகப்படாத அளவுக்குச் சிறுத்திருக்கும். "விந்தகம் சிறியது, எபிடிடிமிஸ் நிறைவு" என்று எழுதுவேன். செப்டம்பர் இரவில் ஆணுக்குப் பின் ஆணாக இதையேதான் எழுதவேண்டி வரும். அந்த ஆண்டு பிறந்த ஆண் மட்டும் வேறு: அதன் சுருள்குழல் வெறுமையாக, கரிய உறைக்குள் ஒட்டிக் கிடக்கும். இந்த இனத்தில் ஆண்கள் முதல் இலையுதிர்காலத்தில் பருவம் அடைவதில்லை. குறைந்தது ஒரு குளிர்காலத்தைத் தாண்டிவந்த ஆண்தான் தகப்பனாக முடியும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்பவும் தேவைப்படும்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம் வரை இரவில் அந்த வாசலுக்கு வௌவால்கள் வந்து குவிவது பொழுதுபோக்குக்காக அல்ல. வெவ்வேறு ஊர்களில் கோடையைக் கழித்த ஆண்களும் பெண்களும் சந்திக்கும் இடம் அது. ஒன்றையொன்று துரத்தும், உள்ளே போகும், வெளியே வரும், பாறையில் தொற்றும். 1979இல் டொனால்ட் தாமஸ், புரோக் ஃபென்டன், ராபர்ட் பார்க்லே ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது. அவர்கள் பார்த்தது வேறெங்கும் இல்லை, நம் ஒன்டாரியோவில், ரென்ஃப்ரூ பக்கத்துப் பழைய சுரங்கத்தில்தான். இலையுதிர்காலத் தொடக்கத்தில் விழித்திருக்கும் இணைகள் சேர்கின்றன. நாள் செல்லச் செல்ல, பாறையில் மரத்துத் தொங்கும் கூட்டங்களுக்கு இடையில் விழித்திருக்கும் ஆண்கள் போய் இணைசேர்கின்றன. பெண் நெளிந்தாலோ எதிர்த்தாலோ ஆண் ஒரு தனிக்குரல் எழுப்புகிறது; அதைக் கேட்டுப் பெண் அடங்குகிறது. ஓர் ஆண் பல பெண்களோடும், ஒரு பெண் பல ஆண்களோடும் சேர்வதுண்டு.

பெண்ணின் பக்கத்திலும் இதே காத்திருப்புதான். செப்டம்பரில் இணைசேர்ந்த பெண் அப்போதே கருத்தரிப்பதில்லை. விந்தணு அதன் கருப்பையில் குளிர்காலம் முழுக்கத் தங்குகிறது. ஏப்ரல், மே மாதத்தில் விழித்த பிறகுதான் கருமுட்டை வெளியேறி, கரு உண்டாகிறது. ஐம்பது, அறுபது நாளில் ஒரே ஒரு குட்டி. உறங்கும் பெண் வௌவாலின் உடலில் விந்தணு இருப்பதை 1859லேயே பாகன்ஸ்டெக்கர் கவனித்திருக்கிறார். அது வெறுமனே தங்கிக் கிடக்கிறதா, கருத்தரிக்க வைக்கும் தெம்போடு இருக்கிறதா என்ற கேள்வி வெகுகாலம் இருந்தது. 1940களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் விம்சாட், ஆண்களிடமிருந்து பிரித்துக் குளிரில் வைத்த பெண்களிடம் பரிசோதித்து, பழைய விந்தணுவே கருத்தரிக்க வைக்கிறது என்று காட்டினார். பின்னாளில் பிரிட்டனில் பால் ரேசி, நாக்டியூல் வௌவாலில் ஆறு மாதத்துக்கு மேலும் அது தாக்குப்பிடிப்பதைப் பதிவுசெய்தார். மனிதப் பெண்ணின் உடலில் விந்தணு அதிகம் போனால் ஐந்து நாள்.

ஏன் இத்தனை சுற்றுவழி என்று என் மகளே கேட்டிருக்கிறாள். குளிர்நாட்டில் கோடை குறுகியது. பனி உருகி வெளியே வரும்போது ஆணின் உடம்பில் கொழுப்பு தீர்ந்திருக்கும், பூச்சியும் அரிது. அந்த நேரத்தில் ஆண் புதிதாக விந்தணு உண்டாக்கத் தொடங்கினால் ஜூலை ஆகிவிடும். அப்புறம் கரு, குட்டி, பால்குடி என்று போனால், குட்டி பறக்கப் பழகிக் கொழுப்பு சேர்ப்பதற்குள் உறைபனி வந்துவிடும். அதனால்தான் சாப்பாடு மலிந்த மாதத்தில் செலவைச் செய்து, குளிருக்கு முன்பே கொடுக்கல் வாங்கலை முடித்து, பெண் விழித்த சில நாளிலேயே கரு தொடங்கும்படி எல்லாம் அமைந்திருக்கிறது. இந்தச் சங்கிலியில் செப்டம்பர் ஒரு கண்ணி. அங்கே அறுந்தால் பின்னால் ஒட்டவைக்க ஆணுக்கு வழி மிகக் குறைவு.

ஆண்கள் குளிர்காலத்திலும் இணைசேர்கின்றனவே, செப்டம்பர் போனால் என்ன என்று யாராவது கேட்கலாம். சேர்கின்றன, உண்மைதான். ஆனால் அதற்கு விலை அதிகம். உறங்கும் வௌவால் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தானாக விழித்துக்கொள்ளும். அந்தச் சில மணி நேர விழிப்புகளுக்கே குளிர்காலக் கொழுப்பில் முக்கால் பங்கு போய்விடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கூடுதல் விழிப்பும் உயிரிலிருந்து கழிகிறது. வின்னிபெக் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் வில்லிஸும் அவருடைய மாணவியும் மானிடோபாவின் குகைகளில் எடை பார்த்தபோது, பெண்கள் கொழுப்பைச் சிக்கனமாகக் காப்பதையும், ஆண்கள் விரைவாகக் கரைப்பதையும் கண்டார்கள். பெண்ணுக்கு வசந்தத்தில் வயிற்றுக் கருவை வளர்க்கக் கொழுப்பு வேண்டும். ஆணோ இணையைத் தேடி அதைச் செலவழித்துவிடுகிறது என்பதுதான் அவர்கள் சொல்லும் விளக்கம். நாம் செப்டம்பரில் வாசலில் நின்று டார்ச் அடித்து அவற்றைத் திருப்பி அனுப்பினால், விட்டுப்போனதை ஈடுகட்ட அந்த ஆண்கள் டிசம்பரில் கொழுப்பை எரிக்க வேண்டும். வெளிச்சம் விழுந்ததும் வாசல் வரை வந்தவை சட்டென்று திரும்பி மரங்களுக்குள் போய்விடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஆய்வுக்குப் போனாலும் அனுமதியோடு, குறிப்பிட்ட இரவுகளில் மட்டும்தான் போகிறோம். பொறியிலிருந்து தள்ளி, விளக்கை அணைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

இதெல்லாம் வௌவால்கள் ஏராளமாக இருந்த காலமாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி அருகே ஒரு குகையில், மூக்கில் வெள்ளைப் பூஞ்சை படிந்த வௌவால்களை ஒருவர் படம் எடுத்தார். வெண்மூக்கு நோய்க்கு வட அமெரிக்காவில் கிடைத்த முதல் தடயம் அது. ஐரோப்பா, ஆசியாப் பக்கத்திலிருந்து வந்த பூஞ்சை; குளிரில்தான் வளரும். உறங்கும் வௌவாலின் தோலில் பரவி, அதை அடிக்கடி விழிக்கவைத்து, கொழுப்பைத் தீர்த்துக் கொல்கிறது. 2010இல் ஒன்டாரியோவுக்கு வந்துவிட்டது. கிழக்குக் கனடாவில் இவை குளிர்காலத்தில் தங்கும் இடங்களில் கணக்கெடுத்தபோது, சிறு பழுப்பு வௌவால்கள் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2014இல் கூட்டாட்சி அரசு இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சட்டப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்கு ஒரு குட்டி போடும் இனம் இந்தப் பள்ளத்திலிருந்து ஏறிவர எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என்னோடு இதைப் பேசிய ஒரு நண்பர், "ஓர் ஆண் பல பெண்களுக்குப் போதுமே, ஆண் குறைந்தால் என்ன?" என்று கேட்டார். எண்ணிக்கை கொழுத்திருந்தால் அந்தக் கணக்கு சரி. இப்போது மிஞ்சியிருப்பவை நோயைத் தாங்கிப் பிழைத்தவை. அவற்றின் மரபு கலந்து அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும். அதற்குப் பல ஊர் வௌவால்கள் கூடும் இந்த வாசல்களை விட்டால் வேறு இடம் கிடையாது. ஐரோப்பிய வௌவால்களின் மரபணுவைப் பார்த்தவர்கள், தனித்தனிக் கூட்டங்களாக வாழும் இனங்கள் இலையுதிர்காலச் சந்திப்புகளில்தான் கலக்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். மேலே சொன்னபடி, ஒரு குளிர்காலத்தைத் தாண்டாத ஆணிடம் கொடுக்க எதுவும் இல்லை. அதாவது பூஞ்சையைச் சந்தித்துத் தப்பிய ஆண்கள்தான் செப்டம்பரில் அந்த வாசலுக்குத் தகப்பனாகும் தகுதியோடு வருகின்றன. நம் அடுத்த தலைமுறை வௌவால்களின் அடிமடியே அது. இந்தச் சின்ன உயிர்கள் சீக்கிரம் செத்துப்போகும் என்றும் எண்ண வேண்டாம். சிறு பழுப்பு வௌவாலில் 34 ஆண்டு வாழ்ந்த ஒன்று பதிவாகியிருக்கிறது. அதன் சொந்தக்கார இனமான பிராண்ட் வௌவாலில், சைபீரியாவில் வளையம் போட்டுவிட்ட ஒன்று 41 ஆண்டு கழித்து உயிரோடு அகப்பட்டது, அதுவும் ஆண். ஒரு நல்ல ஆணை இழந்தால் பல பத்தாண்டுகளின் வாரிசுகளை இழக்கிறோம்.

பரணில் வௌவால் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ, அவை வெளியே போகும்படி ஒருவழிக் கதவு வைத்து ஓட்டையை அடைக்கும் வழக்கம் சரியான வழக்கம்தான். நான் சொல்வது குகை, சுரங்க வாசல்களைப் பற்றி மட்டும்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த இதழில் அந்த யோசனையைத் திருத்தி, ஆகஸ்ட் தொடங்கி மே வரை வௌவால் தங்கும் சுரங்கங்களுக்கும் குகைகளுக்கும் அருகே போகவேண்டாம் என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். இடத்தின் பெயரையும் வழியையும் இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு குகையில் மிதித்த சப்பாத்தையும் உடுப்பையும் அப்படியே இன்னொரு குகைக்குக் கொண்டுபோகக் கூடாது, பூஞ்சையின் வித்து அதில் ஒட்டிக்கொண்டு போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைவிட்ட சுரங்கத்தில் பாறை சரியும் ஆபத்து தனி. அதைப் பெற்றோருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நடையைக் கைவிடச் சொல்லவில்லை, மாதத்தையும் இடத்தையும் மாற்றச் சொல்கிறேன். ஜூன் மாதம், சூரியன் விழுந்து அரைமணி நேரத்தில், ஏரிக்கரையில் நின்றால் போதும். நீர்மட்டத்தை ஒட்டிக் கொசுவையும் சிறு பூச்சிகளையும் பிடித்துக்கொண்டு பறப்பவற்றில் ஆண்களும் இருக்கும். அந்த வாரங்களில்தான் அவை செப்டம்பருக்காகத் தின்று சேர்க்கின்றன. அவற்றின் மீயொலியைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றும் சிறு கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தக் குழுவினர் சம்மதித்தால் கருவியோடு நான் வந்து பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். என் தொலைபேசி எண்ணை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் சேர்ப்பித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒட்டாவாவிலிருந்து ஒரு வாசகி